மலைக்கோட்டை மூன்றாம் மாடி

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
09.07.2006

தயாவுக்கு,

நான் யப்பானிலிருந்து திரும்பி வந்து பன்னிரண்டு நாளாகிறது. நீ தொலைபேசியை எடுக்கவில்லை. அதனால் இதை உன்னுடைய யப்பானிய மொழி ஆசிரியை ஒகாவாவின் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வரும் கடிதங்களை உன் கணவர் குகதாசன் பிரித்துப் படிப்பார் என்று எழுதி, அந்த முகவரியை நீதான் முன்பு தந்திருந்தாய். அவரைப் பற்றி நீ எழுதிய மற்றவற்றைப் போலவே அதையும் நான் பாதிதான் நம்பினேன்.

நகரசபையின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். கண்டதைக் கண்ட அன்றே எழுதவேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது என்பது அங்கே விதி. நான் பிந்திவிட்டேன். என்றாலும் யூன் 24 அன்று நாங்கள் பார்க்கப்போன மலைக்கோட்டையில் நடந்ததை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நீயும் அவரும் "வழுக்கி விழுந்தது" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். இரண்டு பேர் ஒரே பொய்யைச் சொன்னால் கொஞ்ச நாளில் அதுவே நடந்ததாகிவிடும்.

காலையிலிருந்தே மழை. பேருந்து விட்ட இடத்திலிருந்து கோட்டை வாசலுக்கு அரை மணிநேர ஏற்றம். ராகவியின் மழையங்கியை நீ ரயிலில் மறந்து விட்டுவிட்டாய். குகதாசன் அதற்குச் சத்தம் போடவில்லை. உன்னைத் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டார். நான் பிள்ளையுடன் பின்னால் வந்தேன். உன் மேற்கையைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் இறுக்கத்தில் வெளுத்துப்போயிருந்தன. நீ திரும்பிப் பார்த்து, "அக்கா, பாத்து வாங்கோ, கல்லு வழுக்கும்" என்றாய். சிரித்துக்கொண்டு சொன்னாய்.

உள்ளே போகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றி, வாசலில் தரும் பொலித்தீன் பையில் போட்டுக் கையோடு கொண்டு திரியவேண்டும். நீயும் நானும் கோயிலுக்குள் போகிறவர்கள் மாதிரிக் காலுறையையும் கழற்றினோம். காவலாளி எங்கள் வெறுங்காலைப் பார்த்துச் சிரித்தான்.

முதல் மாடியில் அம்பு எய்யும் துவாரங்கள். இரண்டாம் மாடியில் ஏறி வருகிறவர்களின் தலையில் கல் போடுவதற்கான திறப்பு. எல்லாவற்றையும் குகதாசன் நன்றாகவே விளக்கினார். மூன்றாம் மாடியில் ஒரு சிறிய அறை இருந்தது. கோட்டை எதிரியின் கையில் விழுந்தால் பிரபுவின் மனைவியும் பிள்ளைகளும் உயிரை விடுவதற்காக ஒதுக்கியது என்று பலகையை வாசித்துச் சொன்னார். அந்த மாடியில் எங்கள் நான்கு பேரைத் தவிர வேறு எவரும் இல்லை.

"பாத்தீங்களே மச்சாள், அந்தக் காலத்திலை பொம்பிளையளுக்கு ஒரு மானம் இருந்திருக்கு. இஞ்சை ஒருத்திக்கு ஒரு மழையங்கியைக் காப்பாத்த ஏலாமல் கிடக்கு."

நீ மெதுவாகக் கேட்டாய்: "அந்த அறைக்குள்ளை பிரபு வரமாட்டாராமோ?"

அவ்வளவுதான். அவர் உன் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்து உன் தலையைத் தூணில் மோதினார். மரத்தில் மரம் படுகிற மாதிரிச் சத்தம். திரும்பவும் மோதினார். நீ கத்தவில்லை. அதைவிட எனக்குப் பயமூட்டியவள் ராகவி. அவள் அழவில்லை, ஓடவில்லை. மரச் சட்டம் போட்ட ஜன்னலுக்குப் போய், பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வயது. அவளுக்கு அது பழக்கமாக இருந்தது.

கையிலிருந்த சப்பாத்துப் பையால் நான் அவருடைய முகத்தில் அடித்தேன். நோர்வேயில் மலையேறப் போடுகிற சப்பாத்து, நனைந்து இரண்டு கிலோ இருக்கும். அவருக்குப் பின்னால் ஏணி மாதிரிச் செங்குத்தான மரப்படி. விழுந்தார். காறை எலும்பு முறிந்தது, முன்பல் ஒன்று போனது.

விமான நிலையத்தில் நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு வசனம். "ஏனக்கா வந்தனீங்கள்?"

பதில் எழுது.

சிறிதேவி


ஒகயாமா
21.07.2006

அன்புள்ள அக்கா,

உங்கள் அறிக்கை கிடைத்தது. கடிதம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். அது என்னுடைய தலை. எனக்குத் தெரியாதா?

2001, 2003, 2004 என்று மூன்று கடிதம் உங்களுக்கு எழுதினேன். இரண்டாவது கடிதத்துக்கு வந்த பதில் எனக்கு மனப்பாடம். 'ஒரு சண்டையில் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கதை இருக்கும். நான் உன்னுடையதை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.' இப்போது ஒன்பது நாள் வந்து, கண்ணால் கண்டு, நம்பி, அடித்துவிட்டு, விமானம் ஏறிவிட்டீர்கள். நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அவருடைய வலது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்குகிறது. இடது கையால் அடிக்கிறார். பழகாத கை, எங்கே படும் என்று தெரிவதில்லை. முன்பு தெரியும், அதற்கேற்றபடி திரும்பிக்கொள்வேன்.

எலும்பைப் பற்றியோ பல்லைப் பற்றியோ அவர் கதைப்பதே இல்லை. "செருப்பாலை அடிச்சவள். ஒரு பொம்பிளை, என்னைச் செருப்பாலை அடிச்சவள்." பல் விளக்கும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். ஒரு நாள் நான், அது செருப்பு இல்லை, சப்பாத்து என்று சொல்லிவிட்டேன். அதற்கு வாங்கியதை எழுதவில்லை. கொக்குவிலில் இருக்கும் தாயைத் தொலைபேசியில் எடுத்து அழுதார். பக்கத்தில் நின்ற எனக்கே அந்த மனிசியின் குரல் கேட்டது: "கையாலை அடிச்சிருந்தாலும் பறவாயில்லையடா ராசா."

என்னுடைய சப்பாத்து, செருப்பு, ராகவியுடையது எல்லாவற்றையும் காரின் பின்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். பள்ளிக்கூட நாட்களில் காலையில் பிள்ளையுடையதை எடுத்துக் கொடுப்பார், பின்னேரம் திருப்பி வாங்குவார். எனக்கு இல்லை. இந்தக் கடிதத்தோடு குளியலறைச் செருப்பில் இரண்டு தெரு நடந்து ஒகாவா ஆசிரியையிடம் போகப்போகிறேன். போன முறை அவர் என் காலைப் பார்த்தார்.

விசயத்துக்கு வருகிறேன். என்னுடைய கடவுச்சீட்டும் ராகவியுடைய கடவுச்சீட்டும் அவருடைய வேலைத்தலத்து அலுமாரியில் இருக்கிறது. நேற்று இப்படிச் சொன்னார்:

"உன்ர கொக்கா எழுதித் தரட்டும். தன்ர கையாலை. பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு. ஒசாக்காச் சனத்துக்கு முன்னாலை நான் அதை வாசிப்பன். பிறகு நீயும் பிள்ளையும் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு போய் அவவோடை ரெண்டு கிழமை நிண்டிட்டு வாங்கோ. ஆர் வேண்டாமெண்டது?"

ஒசாக்காச் சனம் என்பது மாதம் ஒருமுறை கூடிச் சமைத்துச் சாப்பிடுகிற ஏழு தமிழ்க் குடும்பங்கள். கதை தாய் மூலம் அவர்களுக்கும் போய்விட்டது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பத்து வரி போதும் அக்கா. ஒஸ்லோவுக்கு வந்தால் நான் திரும்பிப் போகமாட்டேன். எழுதி அனுப்புங்கள்.

தயாபரி


ஹவுகன்ஸ்டுவா
02.08.2006

தயா,

எழுதமாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கைப்பட எழுதிய தாளைக் கேட்கிற மனிதனுக்கு அதை வைத்துச் செய்ய ஒரு வேலை இருக்கும். ஏழு குடும்பத்துக்கு முன்னால் வாசிப்பது ஒரு நாளில் முடிந்துவிடும். பிறகு அந்தத் தாள் அவருடைய அலுமாரிக்குள், இப்போது உங்கள் கடவுச்சீட்டு இருக்கும் இடத்தில் இருக்கும். நாளைக்கு நீ பிரிந்து, பிள்ளை யாருக்கு என்று வழக்கு வந்தால் அதை நீட்டுவார். அடிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தவர்கள், இதோ மூத்தவளின் கையெழுத்து என்பார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இங்கே பெண்களுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றில் விசாரித்தேன். யப்பானிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது, தங்குமிடங்கள் இருக்கின்றன. ஒகாவா ஆசிரியையிடம் வாயைத் திறந்து கேள். காயங்களைப் படம் எடு. திகதி எழுதி வை. நீ ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு மனவருத்தமும் இல்லை. இல்லாததை எழுத எனக்கு வராது.

வேறு ஒன்றுக்கு வருத்தம் உண்டு. அதை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன். 1994இல் உனக்குச் சம்பந்தம் வந்தபோது மாப்பிள்ளையை விசாரிக்கிற பொறுப்பை அம்மா என்னிடம் தந்தா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குகதாசனுடன் ஒரே விடுதியில் இருந்த வின்சென்ற் என்பவருக்கு எழுதினேன். எல்லோரும் விசாரிப்பதைத்தான் நானும் விசாரித்தேன்: படிப்பு, குடி, வேறு தொடுப்பு. வின்சென்ற் இரண்டு பக்கம் எழுதினார். கெட்டிக்காரன், குடியில்லை, தொடுப்பில்லை. அதற்குக் கீழே, பகிடிவதையின்போது புதுமுக மாணவன் ஒருவனின் தாடையை உடைத்தவன், வெளியில் வராமல் அமத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை நான் உனக்கோ அம்மாவுக்கோ காட்டவில்லை. ஒருவர் சொன்னது, வேறு சாட்சி இல்லை என்று ஒதுக்கிவைத்தேன். அவர் கலாநிதிப் பட்டக்காரர், யப்பானில் வேலை. நீ யாழ்ப்பாணத்தில், போருக்கு நடுவில் செல்லடிக்குள் இருந்தாய். ஆம்பிளை என்றால் கோபம் இருக்கும்தானே என்று நானும் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சிறிதேவி


ஒகயாமா
15.08.2006

சிறிதேவி அக்காவுக்கு,

தாடை. பன்னிரண்டு வருடமாக உங்களுக்குத் தெரியும்.

என்னுடைய மூன்று கடிதத்தையும் படித்தபோது அந்தத் தாடை உங்களுக்கு நினைவு வந்திருக்கும். வந்தும், 'இரண்டு பேருக்கும் தனித்தனிக் கதை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

முந்தநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். உங்கள் மன்னிப்புக் கடிதம் இல்லை. ராகவியைக் கூப்பிட்டு, "காருக்குள்ளை கிடக்கிற உன்ர சப்பாத்தை எடுத்துக்கொண்டு வா" என்று காரைத் திறக்கிற திறப்பைக் கொடுத்தார். எங்கேயோ வெளியில் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று பிள்ளை சந்தோசமாக ஓடிப்போய் எடுத்துவந்தாள். அதை வாங்கி, அதாலேயே அடித்தார். கன்னத்தில், காதில். "எப்பிடி இருக்கெண்டு பெரியம்மாவுக்குச் சொல்லு." நான் நடுவில் விழுந்தேன். அவருக்கு இப்போது வலது கையும் வேலை செய்கிறது.

காதிலிருந்து இரத்தம் வந்தது. இதற்கு முன் அவளை அவர் தொட்டதில்லை.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. அந்தத் தாளை வைத்து அவர் அதைத்தான் செய்வார். உங்கள் சரி எனக்கு வேண்டாம். எனக்கு அந்தப் பத்து வரிதான் வேண்டும். எழுத முடியாவிட்டால் எனக்கும் இனி எழுதவேண்டாம்.

தயாபரி


ஹவுகன்ஸ்டுவா
26.08.2006

தயா,

அவருக்கான கடிதம் பதிவுத் தபாலில் உங்கள் வீட்டு முகவரிக்குப் போய்விட்டது. அதில் என்ன இருக்கிறது என்று நீ முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கீழே எழுதுகிறேன்.

முதலில் வேறு ஒன்று எழுதினேன். 'என் தங்கையின் தலையை நீங்கள் இரண்டாம் முறை தூணில் மோதியபோது நான் உங்களை அடித்தேன், அதற்காக மன்னிக்கவும்' என்று. சபையில் வாசிக்க முடியாத மன்னிப்பு. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு உறையில் முத்திரையும் ஒட்டினேன். தபாலுக்குக் கொண்டுபோகக் கதவைத் திறந்தபோது ராகவியின் காது நினைவுக்கு வந்தது. என் கெட்டித்தனத்துக்கு அடி வாங்கப்போகிறவள் அவள். கிழித்துப் போட்டேன். போயிருப்பது இதுதான்:

'மதிப்புக்குரிய குகதாசன் அவர்களுக்கு,

ஒன்பது நாள் உங்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்து உங்கள் சோற்றைத் தின்றேன். அப்படியிருந்தும் யூன் 24ஆம் திகதி உங்கள் மனைவிக்கும் பிள்ளைக்கும் முன்னால், காலில் போடுவதைக் கையில் எடுத்து உங்கள் முகத்தில் அடித்தேன். படித்தவள் என்ற திமிரில் செய்யத் தகாததைச் செய்தேன். உங்களுக்கு உண்டான காயத்துக்கும், அதைவிடப் பெரிய அவமானத்துக்கும் நான் ஒருத்தியே பொறுப்பு. தயாபரிக்கும் ராகவிக்கும் இதில் பங்கில்லை. வயதில் மூத்தவளாக இருந்தும் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். இதை நீங்கள் யாருக்கும் காட்டலாம்.

சண்முகலிங்கம் சிறிதேவி'

எட்டுப் பிரதி எழுதினேன். எழுத்து நடுங்கியிருந்த பிரதியைத் தேர்ந்து அனுப்பினேன். அவருக்கு அதுதான் பிடிக்கும்.

சிறிதேவி


ஒகயாமா
25.09.2006

அக்கா,

நேற்று வாசித்தார். ஒசாக்காவில், சாப்பாட்டுக்கு முன்னால், எழுந்து நின்று. 'உங்கள் காலில் விழுந்து' என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, தனக்கு மனதில் ஒன்றும் இல்லை என்றும், மனிசியையும் பிள்ளையையும் விடுமுறைக்கு மச்சாளிடமே அனுப்பப்போவதாகவும் சொன்னார். பெரிய மனிதர் மாதிரிச் சொன்னார். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

அங்கே வருகிறவர்களில் ராசமலர் அக்கா என்று ஒருவர். வயதானவர், வாய் சும்மா இராது. சோற்றுச் சட்டியில் அகப்பையை வைத்தபடி கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி. மச்சாள் ஏன் அடிச்சவ எண்டு அதிலை ஒரு வரியும் காணேல்லை?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அது குடும்ப விசயம், அக்கா."

"ஓம், அடியும் குடும்பத்துக்குள்ளைதானே விழுந்தது. அதைப் பிறகேன் எங்களுக்கு வாசிச்சுக் காட்டுறீர்?"

யாரோ சிரித்தார்கள். ராசமலர் அக்காவின் மனிசன், "நீ சோத்தைப் போடப்பா" என்று அதட்டினார். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் அக்கா. என் நெற்றித் தழும்பைப் பார்த்துவிடக்கூடாது என்று எல்லோரும் தங்கள் சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளேயே பார்த்துச் சாப்பிட்டார்கள்.

அந்தச் சிரிப்புக்கு விலை நான்தான் கொடுப்பேன் என்று தெரியும். வீட்டுக்கு வந்ததும் கழுத்தைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியோடு அழுத்தினார். "அந்தக் கிழவிக்கு நீதான் சொன்னனி." கண் இருட்டியது. ராகவி வந்து, "அப்பா, எல்லாருக்கும் முன்னாலை ஒஸ்லோவுக்கு அனுப்புறன் எண்டு சொன்னனீங்கள்" என்றாள். அழாமல், ஞாபகப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள். கையை எடுத்தார். ஏழு குடும்பத்துக்கு முன்னால் சொன்னதை விழுங்க அவரால் முடியாது. இன்று மத்தியானம் கடவுச்சீட்டு இரண்டும் மேசைக்கு வந்துவிட்டது. ஒக்டோபர் 14 போய், 28 திரும்பி வரவேண்டுமாம்.

ஒன்று கேட்கிறேன். வின்சென்ற்றின் கடிதத்தை நீங்கள் வைத்திருப்பீர்கள். நீங்கள் எதையும் எறிவதில்லை. நான் வந்ததும் அதை என் கையில் தரவேண்டும். மற்றக் கதை எல்லாம் அதற்குப் பிறகு.

தயாபரி


ஸ்டோவ்னர், ஒஸ்லோ
11.02.2007

அக்கா,

நடந்தால் இருபது நிமிடம், அதற்கு ஒரு கடிதமா என்று கேட்கிறா எனக்கு அறை தந்திருக்கும் பூமணி அக்கா. நேரில் கதைத்தால் நவம்பரில் நடந்த மாதிரி முடியும். நான் எறிந்த கண்ணாடிச் சாடி உங்கள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. அது தவறிப்போனதற்கு எனக்கு இன்றைக்கும் சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. வின்சென்ற்றின் கடிதத்தில் கடைசி வரி என்ன என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. 'இதைப் பெண்ணுக்குக் காட்டுங்கள்.' காட்டியிருந்தாலும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். செல்லடியிலிருந்து தப்ப யாரையும் கட்டியிருப்பேன். ஆனால் அந்த ஓமை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

அவர் இன்னும் தொலைபேசி எடுக்கிறார். கால் இரண்டையும் முறிப்பாராம். என் வதிவிட விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. இது எதற்காகவும் எழுதவில்லை. ராகவிக்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியனுடைய மூக்கை உடைத்துவிட்டாள். பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றுகிற நடைவழிக்குள், பனிச்சப்பாத்தால் அடித்திருக்கிறாள். அவன் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்தானாம். சுவரெல்லாம் இரத்தம். ஆசிரியை என்னை வரச்சொல்லிக் கதைத்தா. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஏனடி அடிச்சனி?"

"பெரியம்மா அடிச்சவதானே. அதாலைதானே நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்."

"அது வேறை."

"என்ன வேறை?"

நான் கையை ஓங்கிவிட்டேன் அக்கா. அவள் கண்ணை மூடவில்லை. என் கை எந்தப் பக்கமாக வரும் என்று கணக்குப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கினேன். ஆனால் என்ன வேறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேராதனையில் படித்தவர் நீங்கள். வந்து சொல்லுங்கள். வருகிற ஞாயிறு, இரண்டு மணி. உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.

தயாபரி


ஹவுகன்ஸ்டுவா
14.02.2007

தயா,

வருகிறேன். அவளுக்குச் சொல்லப்போவதை முதலில் நீ அறியவேண்டும். அன்று நீ தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய், கண்ணெல்லாம் இரத்தம். உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

என்னுடைய முதல் அடியிலேயே அவர் உன் பின்னலை விட்டுவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு, "மச்சாள், காணும், விடுங்கோ" என்றார். அதற்குப் பிறகு நான் இன்னும் இரண்டு முறை அடித்தேன். படி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் அவர் போகும்படியாக அடித்தேன். அவர் காலுறையோடு நின்றார், தரை வழுவழுப்பு. அதுவும் எனக்குத் தெரிந்தது. செத்துப்போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தபோது எனக்கு நன்றாக இருந்தது.

நீங்கள் இரண்டு பேரும் சொன்ன பொய்யைக் குறை சொல்லி எழுதிய அந்த முதல் கடிதத்தில் நான் இதை விட்டுவிட்டேன். மனவருத்தம் இல்லை என்று எழுதியபோதும் விட்டுவிட்டேன். மன்னிப்புக் கடிதத்தை எட்டுத் தரம் எழுதும்போது, இதில் பொய்யான வரி எது என்று ஒவ்வொரு தரமும் தேடினேன். கிடைக்கவில்லை.

ராகவி ஜன்னலடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள் என்றுதான் இதுவரை நம்பியிருந்தேன். அவள் உன்னிடம் கேட்ட கேள்வியைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை இல்லை. எந்த இடத்தில் திரும்பினாளோ தெரியாது.

அந்தப் பெடியன் பின்னலை விட்ட பிறகா அவள் அடித்தாள்? நீ அதை எழுதவில்லை. ஆசிரியையும் கேட்டிருக்கமாட்டா. நீயும் கேட்கவேண்டாம், நான் கேட்கிறேன். அவள் ஓம் என்று சொன்னால், நானும் ஓம் என்று சொல்வேன்.

சிறிதேவி